தூக்கிச் சென்று காட்டிய படங்கள்: பொள்ளாச்சியிலிருந்து கொச்சி வரை

திங்கள், பிளாச்சிமடை

பொள்ளாச்சியில் பஸ் ஏறி மீனாட்சிபுரம் தாண்டினால் மாநிலம் மாறிவிடுகிறது. தென்னந்தோப்பும் பேச்சும் மாறுவதில்லை. பிளாச்சிமடையில் என்னிடம் பேசிய அம்மாக்கள் எல்லோரும் தமிழில்தான் பேசினார்கள். எரவாளர், மலசர் பழங்குடிக் குடும்பங்கள் வாழும் இந்தக் குடியிருப்பு பாலக்காடு மாவட்டத்தின் பெருமாட்டி ஊராட்சியில் இருக்கிறது. 2000-ல் கோக்க கோலா ஆலை இங்கே ஓடத் தொடங்கியது. கொஞ்ச காலத்திலேயே கிணற்றுத் தண்ணீர் கெட்டது. அதில் பருப்பு வேகவில்லை, குளித்தால் உடம்பு அரித்தது. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் எரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மா. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2007-ல் மயிலம்மா காலமானார்.

நான் இங்கே வந்ததற்குக் காரணம் இரண்டு ஆவணப்படங்கள். சி. சரத்சந்திரனும் பி. பாபுராஜும் சேர்ந்து 2003-ல் ‘த பிட்டர் டிரிங்க்’, 2006-ல் ‘தவுசண்ட் டேஸ் அண்ட் எ ட்ரீம்’ என்று இரண்டு படங்களை எடுத்தார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் ஒரு மணி நேரம் படம் பிடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். வராதவர்களுக்குப் பந்தலின் வெறுமையான நாள்கள் தெரியாது. ஊர்வலமும் முழக்கமும் எல்லாக் கேமராவிலும் பதிவாகும். இருபது பேர் பாயில் உட்கார்ந்து பகலைக் கழிப்பதைப் பதிவு செய்ய, பக்கத்தில் தானும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒரு வீட்டு அம்மா என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப்போனார். வாளியில் இறைத்துச் சொம்பில் ஊற்றி நீட்டினார். “வாயில் ஊற்றிக் கொப்பளித்துப் பாருங்கள் அம்மிணி, விழுங்கிவிடாதீர்கள்” என்றார். நாக்கின் ஓரத்தில் ஒரு கரிப்பு ஏறியது. துப்பிய பிறகும் போகவில்லை. அவர் சொம்பைக் கவிழ்த்து, மீதித் தண்ணீரை வாசலில் தெளித்தார். “இதற்குத்தான் ஆகும்.”

படத்தைப் பற்றிக் கேட்டேன். ஊரில் திரை கட்டிக் காட்டியபோது தன்னையே பார்த்ததாகவும், தான் பேசியதைக் காட்டிலும் மாமியார் பேசியது நன்றாக இருந்ததாகவும் சொன்னார். மாமியார் இப்போது இல்லை. “அவர் பேச்சு அந்தப் படத்தில்தான் இருக்கிறது.”

ஆலையை மூடியது படம் என்று நான் சொல்லமாட்டேன். மூடியவர்கள் பந்தலில் இருந்தவர்கள். கூடவே உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்த ஊராட்சி, பிறகு வந்த வறட்சி, நீதிமன்றத்தில் நடந்த இழுபறி. 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி நிலத்தடி நீர் மக்கள் சொத்து என்றார். 2005-ல் அதே நீதிமன்றத்தின் அமர்வு வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. இந்த மேலேறலும் கீழிறங்கலும் நடந்த காலம் முழுவதும் பந்தல் கலையாமல் இருந்ததென்றால், வெளியூரிலிருந்து ஆள்கள் வந்துகொண்டே இருந்ததும் ஒரு காரணம். அவர்களில் பலரை அனுப்பிவைத்தது படம். சரத்சந்திரன் கேமராவோடு நிற்கவில்லை. புரொஜெக்டரையும் சுமந்துகொண்டு கல்லூரி, தெருமுனை, போராட்டப் பந்தல் என்று போய்க் காட்டினார், தன் படங்களோடு பிறர் படங்களையும். 2010-ல் ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்துபோனார்.

நிபுணர் குழு இந்த ஊருக்கு நேர்ந்த இழப்பை 216 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவை 2011-ல் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஆகவே அந்தப் படங்களின் வேலை முடிந்துவிடவில்லை. பொள்ளாச்சியிலிருந்து இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் ஊர்ப் பள்ளி எதிலும் இவற்றைத் திரையிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

செவ்வாய், கோழிக்கோடு

பாலக்காட்டிலிருந்து ரயில். மத்தியானத்துக்குள் மானாஞ்சிறை குளத்தருகே வந்துவிட்டேன். இந்த ஊருக்கு வர ஒரு பெயர் போதும்: ஒடேசா.

1984-ல் மலையாளத் திரைப்பட இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் இங்கே ஒடேசா என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். தயாரிப்பாளர் வேண்டாம், விநியோகஸ்தர் வேண்டாம், தியேட்டர் முதலாளி வேண்டாம். படத்துக்குப் பணம் மக்களிடமிருந்து வரட்டும், படமும் நேராக அவர்களிடமே போகட்டும் என்பது அவர்கள் தீர்மானம். சாப்ளினின் ‘த கிட்’ படத்தை ஊர் ஊராகத் திரையிட்டார்கள். பார்த்தவர்கள் கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். அப்படித் திரட்டிய பணத்தில்தான் ‘அம்ம அறியான்’ 1986-ல் வெளிவந்தது. 16 எம்.எம். புரொஜெக்டரில் அதையும் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்.

ஜானைத் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அவர் தமிழில் எடுத்த ‘அக்கிரகாரத்தில் கழுதை’யைப் பார்த்தவர்கள் நம்மிடையே மிகக் குறைவு. வெங்கட் சாமிநாதன் எழுத, இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் பேராசிரியராக நடித்த 1977-ஆம் ஆண்டுப் படம் அது. தாயை இழந்த கழுதைக் குட்டியை ஒரு பேராசிரியர் வளர்க்கிறார். ஊர் அதைக் கொல்கிறது, கொன்ற பிறகு கும்பிடுகிறது. தமிழின் சிறந்த படமாகத் தேசிய விருது பெற்றது. தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக அறிவித்து, பிறகு கைவிட்டது. விருது கொடுத்தவர்களும் காட்ட மறுத்தவர்களும் ஒரே அரசாங்கத்தைச் சேர்ந்தவர்கள். ஒடேசா ஏன் பிறந்தது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல விளக்கம் தேவைப்படவில்லை. காட்டும் உரிமை இன்னொருவர் கையில் இருக்கும்வரை எடுக்கும் உரிமையால் பெரிய பயனில்லை என்பதை அந்த மனிதர் தன் படத்தை இழந்து கற்றிருக்கிறார்.

மாலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைச் சந்தித்தேன். கல்லூரி மாணவராக ஒடேசா திரையிடல்களில் துண்டேந்தி வசூல் செய்தவர். மிட்டாய்த் தெருவில் ஒரு கடை வாசலில் நின்றபடியே ஒரு மணி நேரம் பேசினார். சில்லறையை எண்ணுவதற்கே தனியாக ஆள் தேவைப்பட்டதாம். நோட்டுகள் குறைவு, காசுகள்தான் அதிகம். மீன்காரப் பெண் ஒருவர் காசு போட்டுவிட்டு, “படம் எப்போது வரும்?” என்று கேட்டதை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். டிக்கெட் வாங்கியவர் படம் நன்றாக இருக்கிறதா என்று கேட்பார். காசு போட்டவர் படம் எப்போது வரும் என்று கேட்கிறார். ஆசிரியர் அந்தக் கேள்வியை மூன்று விதமான குரலில் சொல்லிக் காட்டினார்.

‘அம்ம அறியா’னின் கதை தெரியாதவர்களுக்காக: வயநாட்டிலிருந்து டெல்லிக்குப் படிக்கப் புறப்படும் புருஷன் என்பவன், வழியில் மரத்தில் தொங்கும் ஓர் இளைஞனின் உடலைப் பார்க்கிறான். எங்கோ பார்த்த முகம். யாரென்று விசாரித்துப் போகிறான். இறந்தவன் ஹரி, தபலா வாசிப்பவன், தீவிர இடதுசாரி அரசியலில் இருந்தவன். கொச்சியில் இருக்கும் ஹரியின் அம்மாவுக்குச் செய்தி சொல்லியாக வேண்டும். நண்பர்கள் ஒவ்வொருவராகச் சேர, ஒரு கூட்டமே தெற்கு நோக்கிப் போகிறது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு போராட்டம், ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அம்மா. கறுப்பு வெள்ளையில் வேணு ஒளிப்பதிவு செய்த படம். நெருக்கடி நிலைக் காலத்தில் இதே கோழிக்கோட்டுப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் 1976 மார்ச்சில் பிடித்துச் செல்லப்பட்டு, கக்கயம் போலீஸ் முகாமில் கொல்லப்பட்டார். அவருடைய அப்பா ஈச்சர வாரியர் மகனைத் தேடி ஒவ்வொரு கதவாகத் தட்டியதும், வழக்கின் விளைவாக 1977-ல் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகியதும் கேரளம் மறக்காத வரலாறு. ஒரு மரணத்தைப் பெற்றவளிடம் போய்ச் சொல்வது ஏன் ஒரு முழுப் படமாகிறது என்பது அந்தப் பின்னணியோடு பார்த்தால்தான் விளங்கும்.

1987 மே 31 அன்று, இதே ஊரில் ஒரு கட்டடத்தின் மேலிருந்து விழுந்த ஜான் மருத்துவமனையில் இறந்தார். ஐம்பது வயதுகூட நிறையவில்லை. ஒடேசா அதற்குப் பிறகு இன்னொரு கதைப்படம் எடுக்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் பணம் போட்ட முயற்சி ஒரே மனிதரின் தோளில் நின்றிருந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கூட்டமைப்பில் இருந்த ஒடேசா சத்யன் மட்டும் 2014-ல் தான் இறக்கும்வரை ஆவணப்படங்களை எடுத்துக்கொண்டிருந்தார்.

புதன், மாவூர்

நேற்று எழுதியதைப் படித்த நண்பர்கள், படத்தால் யாருக்கு வேலை போயிற்று என்பதையும் எழுது என்றார்கள். அதை எழுதத்தான் மாவூருக்குப் போனேன்.

சாலியாறு இங்கே அகலமாகப் போகிறது. கரையில் குவாலியர் ரேயான்ஸ் ஆலை இருந்தது. மரக்கூழும் இழையும் தயாரித்த ஆலை. கேரளக் காடுகளின் மூங்கிலை டன்னுக்கு ஒரு ரூபாய் என்று அரசு கொடுத்தது. கழிவு ஆற்றுக்குப் போனது, புகை எதிர்க்கரை வாழக்காட்டுக்குப் போனது. வாழக்காட்டு ஊராட்சித் தலைவராக இருந்த கே.ஏ. ரகுமான் பல ஆண்டுகள் போராடினார். ஊரில் புற்றுநோய் மரணங்களைக் கணக்கெடுக்க முன்னின்றவர் அவர். 1999-ல் அதே நோய்க்கு அவரும் இரையானார். அந்த ஆண்டுதான் சரத்சந்திரனும் பாபுராஜும் சாலியாறு போராட்டத்தைப் பற்றிய ஆவணப்படத்தை முடித்தார்கள். 2001-ல் ஆலை மூடப்பட்டது.

இதே ஆலை எண்பதுகளின் நடுவில் மூடிக்கிடந்தபோது தொழிலாளர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். ஆலையைத் திறக்கச் சொல்லி உண்ணாவிரதம் இருந்தவர் தொழிற்சங்கத் தலைவர் வாசு. சங்கத்தின் பெயரே ஒட்டிக்கொண்டு ‘குரோ வாசு’ ஆனவர். 2023-ல், தொண்ணூறைத் தாண்டிய வயதில், ஒரு போராட்ட வழக்கில் ஜாமீன் கேட்க மறுத்துச் சிறையில் இருந்துவிட்டு, விடுதலையாகி வெளியே வந்தார். ஆலை வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் இங்கே ஏழைகள்தான். ஆற்றுக்கு இந்தக் கரையும் அந்தக் கரையும்.

இப்போது எளமரம் கடவில் பாலம் வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் நடந்தே அக்கரை சேர்ந்தேன். மாலையில் ஒரு கிராம வாசகசாலையில் அந்தச் சாலியாறு படத்தின் திரையிடல் இருந்தது. அறையில் முப்பது நாற்காலிகள், பின்னால் பெஞ்சுகள். தைத்துக் கட்டிய பழைய வார இதழ்த் தொகுதிகளை அடுக்கி அதன்மேல் புரொஜெக்டரை வைத்திருந்தார்கள். பிம்பம் சாய்ந்தபோது நூலகர் மேலே ஒரு மெல்லிய புத்தகத்தைச் செருகினார். அப்போதும் சரியாகவில்லை, அதை எடுத்துவிட்டு, இரண்டாக மடித்த பஸ் டிக்கெட்டைச் செருகினார். படம் நேராக நின்றது. ஆற்றில் செத்து மிதக்கும் மீன்கள், இருமும் முதியவர்கள், கூட்டம், முழக்கம்.

விளக்கைப் போட்டதும் ஒருவர் எழுந்தார். ஐம்பது வயதிருக்கும். “என் அப்பா அந்த ஆலையில் பாய்லர் பக்கம் வேலை பார்த்தார். இந்தப் படத்தில் அவர் எங்கே?” என்று கேட்டார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. முன்வரிசையில் இருந்த, வாழக்காட்டுக்காரர் என்று பிறகு தெரிந்துகொண்ட ஒரு பெரியவர் திரும்பி, “உன் அப்பா இருமியது இந்தக் கரைவரை கேட்டது மோனே” என்றார். பிறகு பேச்சு சூடுபிடித்தது. இழப்பீடு யாருக்குக் கிடைத்தது, நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலம் சும்மா கிடக்கிறதே, வளைகுடாவுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று படத்தின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு நேரம் பேசினார்கள். மலையாளம் வேகமாகப் போன இடங்களில் பக்கத்து நாற்காலி அக்கா எனக்காக மெதுவாகத் திருப்பிச் சொன்னார்.

எழுந்து கேட்டவரின் கேள்வி நியாயமானது. போராட்டப் படங்கள் பெரும்பாலும் ஒரு கரையில் நின்று எடுக்கப்படுகின்றன. அப்படித்தான் எடுக்கவும் முடியும். இரண்டு பக்கமும் சமமாக நிற்பதாகச் சொல்லும் படங்கள்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் எதிர்க்கரைக்காரனும் உட்கார்ந்து பார்க்கிற அறையில் அதைக் காட்ட வேண்டும். கைப்பேசியில் தனியாகப் பார்த்திருந்தால் அவர் பாதியில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போயிருப்பார். பெரியவரின் பதிலும் அவருக்குக் கிடைத்திருக்காது.

நம் ஊரை நினைத்துக்கொண்டேன். மலக்குழிக்குள் மனிதரை இறக்குவதைத் தடை செய்யும் சட்டம் 2013-ல் வந்தும் மரணங்கள் நிற்காததை திவ்யபாரதி ‘கக்கூஸ்’ படத்தில் 2017-ல் காட்டினார். பல ஊர்களில் திரையிடலைப் போலீசார் நிறுத்தினார்கள். அவர்மேல் வழக்குகள் பாய்ந்தன. படம் இணையத்துக்குப் போய்ப் பெருங்கூட்டம் பார்த்தது. அது நல்லதுதான். ஆனால் போலீஸ் தடுத்தது எதை என்று கவனிக்க வேண்டும். படம் ஒருபோதும் ரகசியமாக இருந்ததில்லை. துப்புரவுத் தொழிலாளியும் நகராட்சி உறுப்பினரும் ஒரே கூடத்தில் அதைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத்தான் தடுத்தார்கள். ஆர்.பி. அமுதன் 2003-லேயே மதுரையில் ஒரு பெண் தொழிலாளியின் வேலையைப் ‘பீ’ என்ற படமாக எடுத்துக் காட்டியவர். மதுரையில் ஆவணப்பட விழாவையும் ஆண்டுக்கணக்காக நடத்தி வருகிறார். இவர்களுக்கு நாம் ஒரு கூடம்கூடக் கொடுக்கத் தயங்குகிறோம் என்பது எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

வியாழன், வயநாடு

தாமரச்சேரி மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்தால் லக்கிடி. அங்கே சங்கிலி பூட்டிய மரம். வெள்ளைக்காரனுக்கு மலைப்பாதையைக் காட்டிக்கொடுத்த கரிந்தண்டன் என்ற பழங்குடி இளைஞனைக் கொன்றுவிட்டு, வழி கண்டுபிடித்த பெருமையை அந்த இன்ஜினியர் எடுத்துக்கொண்டான் என்பது கதை. கொல்லப்பட்டவனின் ஆவியைத்தான் சங்கிலியில் கட்டியிருக்கிறார்களாம். சுற்றுலா வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கதையைப் படமாக்கப்போவதாக 2018-ல் அறிவித்தவர் லீலா சந்தோஷ், பணியர் பழங்குடிச் சமூகத்திலிருந்து வந்த இயக்குநர். கே.ஜே. பேபி நடத்திய ‘கனவு’ பள்ளியில் வளர்ந்தவர். பேபி 1981-ல் ‘நாடுகத்திகா’ நாடகத்தை ஊர் ஊராகப் போட்டபோது குழுவினரைக் கைது செய்தார்கள். பிறகு பழங்குடிப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கி, காட்டுநாயக்கர் மொழியில் ‘குட’ என்ற படமும் எடுத்தார். 2024-ல் காலமானார். இந்த மலையைப் பற்றி வெளியார் எடுத்த படங்கள் நிறைய இருக்கின்றன. லீலா கேமரா பிடித்தது எனக்கு அவற்றைவிடப் பெரிய செய்தி.

திருநெல்லிக்குப் போக நேரம் இல்லை. அங்கேதான் 1970 பிப்ரவரியில் நக்சலைட் தலைவர் வர்கீஸ் கொல்லப்பட்டார். மோதல் என்று எழுதப்பட்ட அந்த மரணத்தைப் பற்றி, மேலதிகாரிகளின் உத்தரவால் தானே சுட்டதாகக் காவலர் ராமச்சந்திரன் நாயர் 1998-ல் வெளியே சொன்னார். 2010-ல், அன்று சுடச் சொன்ன அதிகாரியான ஓய்வுபெற்ற ஐ.ஜி. லட்சுமணாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. நாற்பது ஆண்டுகள். ஒடேசா சத்யனின் ஆவணப்படங்களில் ஒன்று வர்கீஸைப் பற்றியது. உண்மை வெளிவரும்வரை ஒரு பெயரை ஊர் மறக்காமல் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சனி, ஃபோர்ட் கொச்சி

நேற்று முழுவதும் பயணம், எழுத ஒன்றுமில்லை. இன்று காலை வைப்பினிலிருந்து படகில் கடந்தேன். ஹரியின் அம்மாவைத் தேடி வந்தவர்கள் வந்து சேர்ந்த ஊர் இது.

மட்டாஞ்சேரித் துறைமுகத் தொழிலாளர்களுக்கு ஒரு காலத்தில் வேலை கிடைத்த விதம் ‘சாப்பா’. கூட்டத்தை நோக்கி உலோக வில்லைகளை வீசுவார்கள். அடித்துப் பிடித்துப் பொறுக்கியவனுக்கு அன்றைய வேலை. அதை எதிர்த்தவர்கள்மேல் 1953 செப்டம்பர் 15 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தத் தெருக்களில் இன்று மசாலா கிடங்குகளும் கலைக்கூடங்களும் இருக்கின்றன.

நேற்றிரவு ரயிலில் ‘அம்ம அறியா’னை மறுபடி பார்த்தேன். இந்த முறை ஒன்று கண்ணை விட்டு அகலவில்லை. நடந்துபோகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள், செய்தியை வாங்கிக்கொள்கிறவர்கள் அம்மாக்கள். மகன்கள் புறப்படுகிறார்கள், பெண்கள் வாசலில் நிற்கிறார்கள். படத்தை நேசித்துக்கொண்டே இதைச் சொல்லத்தான் வேண்டும். அந்தப் படத்தைத் தொகுத்தவர் பீனா பால், ஒரு பெண். பின்னாளில் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவின் முகமாக ஆனவர். 2017-ல் ஒரு நடிகைக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு மலையாள சினிமாப் பெண்கள் தொடங்கிய கூட்டமைப்பில் அவரும் இருந்தார். அவர்கள் கேட்டதால்தான் மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராயும் நீதிபதி ஹேமா குழு அமைந்தது. 2019 டிசம்பரில் கொடுத்த அறிக்கையை அரசு 2024 ஆகஸ்டில்தான் வெளியிட்டது. சமூகத்தை மாற்றும் படம் எடுக்கிறோம் என்பவர்களின் படப்பிடிப்புத் தளத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா என்ற கேள்வியை இனி யாரும் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

மதியம் ஒரு தேநீர்க் கடையில் தோழி ஒருத்தி தன் உதவியாளரை அறிமுகப்படுத்தினாள். இருபத்தைந்து வயது, படத்தொகுப்பு படித்தவள். இறால் உரிக்கும் பெண்களைப் பற்றிப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். இறாலோடு வரும் பனிக்கட்டியில் நாள் முழுதும் விரல் ஊறி வெடிப்பதைப் படம் பிடித்த காட்சியை மடிக்கணினியில் காட்டினாள். நகக்கண் ஓரம் வெளிறிய தோல், அதற்குள் சிவப்புக் கோடு, அதே கை அடுத்த இறாலுக்குப் போகிறது. காட்சி நீளமாக இருந்தது, குறைக்காதே என்று சொன்னேன். ஒரு தொலைக்காட்சி நிறுவனம் பணம் தருவதாகச் சொல்லி, முதலாளிகளின் பேட்டியும் வேண்டும் என்றதாம். வேண்டாம் என்று வந்துவிட்டாள். இப்போது உரிக்கும் பெண்களின் சங்கத்திலும் நண்பர்களிடமும் ரசீதுப் புத்தகம் வைத்து வசூலிக்கிறாள்.

நானும் கொடுத்தேன். படம் முடிந்ததும் பொள்ளாச்சிக்குக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டேன். ரசீதில் என் பெயரை எழுதிக்கொண்டே அவள் திருப்பிக் கேட்டாள்: “கொண்டுவருகிறேன் சேச்சி. எத்தனை பேர் வருவார்கள்? படம் முடிந்த பிறகு பேச எவ்வளவு நேரம் கொடுப்பீர்கள்?”

கூடத்தை இரவு பத்து மணி வரைக்கும் எடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.